ஐந்தாம் வகுப்பில் பரவிய தும்மல்

"1961 ஜூலை 3, திங்கள். மழை. காலை ஒன்பது, மதியம் நான்கு."

என்னிடம் இருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்றின் முதல் வரி இது. கையெழுத்து என்னுடையது, எழுத்து மலையாளம். அப்போது எனக்குப் பத்து வயது முடிந்து நான்கு மாதம். நாளும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று பழைய நாட்காட்டியில் பார்த்துவிட்டேன். திங்கள்தான்.

ஒன்பதும் நான்கும் தும்மல்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணைப் பார்த்து அன்றைக்குத் தும்மப்பட்ட பொய்த் தும்மல்களின் எண்ணிக்கை. எண்ணி எழுதுவது என் வேலை.

கொச்சி மட்டாஞ்சேரியில் என்னோடு வளர்ந்து, இப்போது பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டு, "எங்கள் காலத்தில் இந்த மாதிரிக் கொடுமையெல்லாம் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இருந்தது. நோட்டு கையில் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். வீட்டில் கொங்கணி பேசுகிறவர்கள், குஜராத்தி பேசுகிறவர்கள், கச்சி பேசுகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். வகுப்புக்குள் வந்தால் எல்லாருக்கும் மலையாளம். கொங்கணிக்காரியையோ குஜராத்திக்காரனையோ யாரும் ஒன்றும் சொன்னதில்லை. தமிழுக்கு மட்டும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: பாண்டி. ஏன் அப்படி என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். குஜராத்திக்காரர் எங்கள் பஜாருக்கு முதலாளியாக வந்தவர். தமிழர் பெரும்பாலும் மூட்டை தூக்க வந்தவர். அந்த வித்தியாசம் பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருந்தவர்கள். அப்பா ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. ஆனாலும் நான்காம் வகுப்பு முழுவதும், நான் வாசலில் கால் வைத்ததும் "பாம்! பாம்! பாண்டி லோறி வந்நே!" என்று பின் பெஞ்சில் ஹார்ன் அடிப்பார்கள். வீட்டில் போய் அழுதேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ நல்லா மலையாளம் பறஞ்சா அவங்களே நிறுத்திடுவாங்க" என்றார். பேசினேன். வகுப்பில் யாரையும்விட நன்றாகப் பேசினேன். அம்மாவைப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவள் என்னிடம் தமிழில் பேசிவிடுவாள் என்ற பயத்தில். ஹார்ன் நிற்கவில்லை.

அது நின்றது அடுத்த ஜூன் கடைசியில், புதிய பெண் வந்தபோது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் அம்மா கொச்சங்காடியில் ஒரு மிளகுப் பண்டகசாலையில் புடைக்கிற வேலை செய்தாள். பெண்ணுக்கு மலையாளம் அரைகுறை. தலையில் நிறைய எண்ணெய், இரட்டைப் பின்னல், ரிப்பன் கிடையாது. புத்தகப் பை மட்டும் யாரிடமும் இல்லாத மாதிரி. மிளகுச் சாக்கை வெட்டித் தைத்தது. இரண்டு காதும் கயிறு. மூட்டையின் மேல் மசியால் அடித்திருந்த அடையாள எழுத்துகளில் பாதி பையின் அடிப்பக்கம் தலைகீழாகத் தெரியும். மழையில் நனைந்தால் அதிலிருந்து ஈரச் சணலும் மிளகும் கலந்த ஒரு வாசனை வரும். இப்போது நினைத்தால் நல்ல வாசனை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அந்த மாதிரிப் பை ஒன்று எங்காவது கிடைக்குமா என்று ஜூ டவுன் பழம்பொருள் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். யானை மணி இருக்கிறது, கப்பல் விளக்கு இருக்கிறது, சாக்குப் பை இல்லை.

முதல் நாள் அவள் பையைப் பெஞ்சில் தொப்பென்று வைத்தாள். தூசி கிளம்பியது. முன் பெஞ்சில் இருந்த எங்கள் தலைவி மூன்று தடவை தும்மினாள். உண்மையான தும்மல். வகுப்பு சிரித்தது. தலைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, தானும் சிரித்து, நான்காவது ஒன்றைப் பொய்யாகத் தும்மினாள். அவ்வளவுதான்.

தலைவி என்று சொன்னது, சரக்கு ஏற்றும் வள்ளங்கள் வைத்திருந்த ஒருவரின் மகள். கெட்டவள் என்று அவளைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. நன்றாகப் பாடுவாள், கொய்யாப் பழம் கொண்டுவந்தால் பங்கிடாமல் தின்னமாட்டாள். ஒரு விளையாட்டைத் தொடங்கினால் அதற்குச் சட்டம் போட அவளுக்குத் தெரியும். தும்மலுக்கும் போட்டாள். புதிய பெண் உள்ளே வரும்போது ஒவ்வொரு பெஞ்சாகத் தும்ம வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூடாது, சிரித்தால் அவுட். என்னிடம் வந்து, "எடீ, நீ எண்ணிக்கோ. நீயல்லே தேதியொக்கே எழுதி வைக்குந்நது" என்றாள். தேதியெல்லாம் எழுதிவைக்கிறவள் நீதானே என்று. ஒரு வருஷத்தில் அவள் என்னோடு பேசிய முதல் நல்ல வார்த்தை. நோட்டுக்கு அட்டை போட்டேன்.

எங்கள் வகுப்பு டீச்சர் இரக்கமுள்ளவர். பிள்ளைகளுக்குச் சளி பரவுகிறது என்று நினைத்தார். அந்த வருஷம் மழை வேறு பேய்மழை. ஒரு சின்னக் குப்பியில் யூக்கலிப்டஸ் தைலம் கொண்டுவந்து, எல்லார் கைக்குட்டையிலும் இரண்டு சொட்டு விட்டார். தும்மல் கூடியது. புதிய பெண்ணின் பையிலிருந்து தூசி வருகிறது என்பதையும் கண்டுபிடித்து, அவளுக்கு நோகாத வகையில் ஏதாவது செய்ய வேண்டும் என்று, கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் ஜன்னலுக்கு அருகே உட்காரவைத்தார். "இவிடே நல்ல காற்றுண்டு மோளே." காற்றோடு சாரலும் உண்டு. அவளுடைய இடது தோள் ஜூலை முழுவதும் ஈரமாகவே இருந்தது.

அவள் மூன்று வாரம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் தும்மி முடிக்கும் வரை வாசலில் நிற்பாள், பிறகு போய் உட்காருவாள்.

ஜூலை 24, திங்கட்கிழமை காலை, டீச்சர் வருவதற்கு முன்னால், அவள் வாசலில் நிற்காமல் நடுவில் வந்து நின்றாள். முதல் பெஞ்சில் ஒருத்தி தும்மினாள்.

"நூறு" என்றாள் புதிய பெண், சத்தமாக.

அடுத்த தும்மல். "இருநூறு."

அடுத்தது. "முந்நூறு."

கோபமில்லை. நிதானமாக, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து. தலைவி தும்மியபோது "எழுநூறு" ஆகியிருந்தது. அதன் பிறகு யாருக்கும் தும்ம வரவில்லை.

எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா, நான் தும்மியதற்கு வாயில் ரிப்பனைக் கவ்வியபடியே "நூறு" என்றிருந்தாள். பிள்ளை தும்மினால் நூறு வயசு, இன்னொரு முறை தும்மினால் இருநூறு. தமிழ் வீடுகளில் யாரும் யோசித்துச் சொல்வதில்லை, தானாக வாயில் வரும்.

தலைவி என் பக்கம் திரும்பினாள். "எந்தா அவள் பறயணே?"

"அறியில்லா."

"நினக்கு அறியும். நீயும் பாண்டியல்லே?"

முப்பத்தேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். புதிய பெண்ணும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி இருந்ததாக ஞாபகம், சொல்ல ஒருத்தி இருக்கிறாளே என்று. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் சொல்வோம் என்று சொன்னால், மறுபடியும் ஹார்ன் எனக்குத்தான்.

"பிராக்காணு" என்றேன். சாபம் என்று அர்த்தம். "தும்முந்நவர்க்கு நூறு தீனம் வரட்டேன்னு." நூறு நோய் வரட்டும் என்று.

புதிய பெண்ணுக்கு அந்த அளவு மலையாளம் அதற்குள் வந்திருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக நான் எண் எழுதவில்லை.

இரண்டு நாளில் தலைவிக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்த மழைக்காலம். ஆனால் எங்கள் வகுப்பில் சந்தேகமே இல்லை, எழுநூறு தீனத்தில் முதலாவது. வெள்ளிக்கிழமை தலைவியின் அம்மா குடையோடு வந்து ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்தாள். ஹெட்மாஸ்டரும் மோசமானவர் இல்லை. சாபத்தையெல்லாம் அவர் நம்பவில்லை. "அம்மயைக் கூட்டிக்கொண்டு வா. அஞ்சு மினிட்டு மதி" என்று மட்டும் புதிய பெண்ணிடம் சொன்னார், ஐந்து நிமிஷம் போதும் என்று. சுமுகமாகப் பேசி முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். வேலை நேரத்தில் வாசலைத் தாண்டினால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள் என்ற பண்டகசாலை நடைமுறை அவருக்குத் தெரிந்திருக்காது. அம்மா வரும்வரை அவள் வகுப்புக்கு வர வேண்டாம் என்று ஆயிற்று.

திங்கள் வரவில்லை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நோட்டில் ஐந்து நாளும் எழுதியிருக்கிறேன்: "வந்நில்லா."

அந்த வாரத்தில் ஒரு மாலை எனக்கு வீட்டில் தும்மல் வந்தது. அம்மா "நூறு" என்றாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உடனே மிளகுக் கஷாயம் வைத்தாள். "இதுக்குப் போய் அழலாமா? ஒரே மடக்கு, கண்ணை மூடிக்கோ" என்றாள். என் அழுகைக்குக் கஷாயம் காரணமில்லை. கண்ணை மூடிக் குடித்தேன்.

சனிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் கொச்சங்காடி வழியாகப் போனேன். அந்தப் பண்டகசாலையின் பெரிய கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே முற்றத்துக் கூரைக்கடியில் இரண்டு வரிசையாகப் பெண்கள், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது முறங்களின் சத்தம், மழை ஓட்டில் விழுகிற மாதிரி. வரிசையின் கடைசியில் புதிய பெண். முறம் அவள் மார்பு அகலத்தைவிடப் பெரிது. புடைக்கத் தெரியாமல் மிளகை வெளியே கொட்டிவிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே இழுத்தாள்.

"என்ன, எண்ணிட்டுப் போக வந்தியா?"

நோட்டு அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"எப்ப வருவே?" என்று கேட்டேன். தமிழில் கேட்டேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

"எங்கம்மாவ விடமாட்டாக. கப்பல் போற வரைக்கும் லீவு கேக்கக் கூடாதாம். சும்மா குந்தியிருக்கியே, நீயும் புடைன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. கப்பல் போனா இன்னொரு கப்பல் வருமாம்."

"அப்புறம் ஸ்கூல்?"

அவள் முறத்தைத் தட்டினாள். "இது பழகிட்டா அங்க எதுக்குங்காரு."

பக்கத்து முறத்திலிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தாள். மெலிந்த முகம், புருவமெல்லாம் தூசி. "யாரு புள்ள இது? ஏட்டி, நம்ம பேச்சுல்லா பேசுது!"

"எங்க கிளாஸ்தான்."

"அப்படியா! அங்க தமிழ் பேச ஒரு நாதியில்லன்னு அன்னிக்கு அழுதியே. இம்புட்டு நல்லாப் பேசுதே இந்தப் பிள்ள!"

புதிய பெண் குனிந்து மிளகைப் பொறுக்கினாள். நான் சாபம் என்று சொன்னதை அவள் வீட்டில் சொல்லவேயில்லை. இன்றுவரை எனக்கு விளங்காத விஷயம் அது. சொல்லியிருந்தால் அந்த அம்மா என்னைத் திட்டியிருப்பாள், நானும் தப்பித்திருப்பேன்.

அந்தத் தூசியில் நான் தும்மினேன்.

"நூறு!" என்றாள் அவள் அம்மா, முறத்தை நிறுத்தாமல்.

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 7. தலைவி காய்ச்சல் தெளிந்து வந்திருந்தாள். டீச்சர் ஹாஜர் எடுத்து முடித்ததும் நான் எழுந்து நின்றேன். கையில் நோட்டு.

"டீச்சரே, அது பிராக்கல்லா. நான் நுணை பறஞ்ஞதா." சாபம் இல்லை, நான் சொன்னது பொய் என்று.

"எது?" என்றார் டீச்சர்.

"நூறுன்னு பறஞ்ஞது. தும்மியால் நூறு வயசு ஜீவிக்கட்டேன்னாணு. என்டெ வீட்டிலும் அங்ஙனெயா பறயுக. என்டெ அம்மயும் பறயும்."

தலைவியின் குரல், காய்ச்சலில் கம்மிப்போயிருந்த குரல்: "அப்போ எனிக்கு எழுநூறு வயசு கிட்டியோ?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குள் நான் நோட்டை அவர் மேசையில் வைத்துவிட்டேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாம் பக்கத்தைப் படித்தார். தேதி, மழை, காலை, மதியம். சிரிப்பு நின்றது. கடைசி ஜன்னலைப் பார்த்தார். பிறகு தைலக் குப்பியை எடுத்துப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு அதை நாங்கள் பார்த்ததில்லை.

இரண்டு பீரியட் என்னைப் பெஞ்சின் மேல் நிற்கவைத்தார். முழு வகுப்பையும் நிற்கவைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். பொய் சொன்னது நான் ஒருத்திதான். பின் பெஞ்சிலிருந்து "நுணைச்சி" என்று ஒரு குரல் வந்தது. பொய்க்காரி. அந்தப் பெயர் அடுத்த மார்ச் வரை என்னோடு இருந்தது. பாண்டியைவிட அது இலேசாக இருந்தது, நான் சம்பாதித்துக்கொண்டது அல்லவா.

மதியம் டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பண்டகசாலைக்கு நடந்தார். அம்மா பள்ளிக்கூடத்துக்கு வர முடியாவிட்டால் பள்ளிக்கூடம் அம்மாவிடம் போகட்டும் என்பது அவர் கணக்கு. வாசலில் மேஸ்திரி, "டீச்சர் இவிடெயொந்நும் வரருது, பொடியாணு" என்றார், இங்கெல்லாம் வரக் கூடாது, தூசி என்று. டீச்சர் நான்கு தடவை தும்மினார். இரண்டு வரிசைப் பெண்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்திருக்க வேண்டும். டீச்சருக்கு அங்கே கிடைத்த வயதை நான் எண்ணவில்லை.

பேச்சு சுருக்கமாகத்தான் நடந்தது. டீச்சர் மலையாளத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒரு வார்த்தை மாற்றவில்லை.

"தெற்று குட்டிகளுடேதாணு. நாளெ முதல் அயக்கணம்."

"தப்பு எங்க மேலதான். நாளைலேருந்து அனுப்பணுமாம்."

அந்த அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்ன தப்பு என்று கேட்கவில்லை. மகளிடம், "போறியாட்டி?" என்றாள்.

"பை நனைஞ்சிருக்கு" என்றாள் அவள்.

"ஈரத்தோட போ."

மறுநாள் வந்தாள். இரண்டு காதிலும் புதுக் கயிறு கட்டியிருந்தது. டீச்சர் அவளை இரண்டாம் பெஞ்சுக்கு மாற்றினார். நோட்டை எனக்குத் திருப்பித் தந்தார், வீட்டுப்பாடம் போலக் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மசியில் ஒப்பமிட்டு, தேதி போட்டு.

தும்மல் நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். அதன் பிறகுதான் கூடியது. எல்லாருக்கும் வயசு வேண்டும். "எனிக்கு! எனிக்கு!" என்று அவளைச் சுற்றி நிற்பார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு, அரைகுறை மலையாளத்தில், "கள்ளத் தும்மலுக்குக் கிடையாது" என்று தீர்த்துவிட்டாள். இப்போது சட்டம் அவளுடையது. பையன்கள் புல் நுனியால் மூக்கைக் குடைந்தார்கள். கரும்பலகைச் சாக்குக்கட்டிப் பொடி ஒரு வாரத்தில் தீர்ந்தது. தலைவி தன் மாமாவின் மூக்குப்பொடி டப்பாவையே கொண்டுவந்து, ஒரே இடைவேளையில் ஆயிரத்து நானூறு வாங்கிக்கொண்டு, கண் சிவந்து, மூக்கு ஒழுக, வெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் புதிய பெண்ணும் சிநேகிதமானது அன்றைக்குத்தான். பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் கொடுமை செய்வார்களோ அவ்வளவு சீக்கிரம் அதை மறந்தும்விடுவார்கள். செய்யப்பட்டவள் மறப்பது வேறு விஷயம்.

என்னோடு அவள் பேச ஓணம் லீவு முடிய வேண்டியிருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் டிபனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு என்ன தேதி?" என்றாள். சொன்னேன். "உனக்குத் தெரியும்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அதற்கு மேல் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவோ கொடுக்கவோ இல்லை. ஏழாம் வகுப்பு முடியும்வரை மதியச் சாப்பாடு நாங்கள் தமிழில்தான் சாப்பிட்டோம், எல்லார் காதிலும் விழும்படி.

அந்தப் பள்ளியில் ஏழு வரைதான். 1964 ஜூனில் நான் வேறு ஹைஸ்கூலில் சேர்ந்தேன். அவள் அங்கே வரவில்லை. அவர்கள் இருந்த அறையில் வேறு யாரோ இருந்தார்கள். இடக்கொச்சிக்குப் போனார்கள் என்றார் ஒருவர், ஊருக்கே போய்விட்டார்கள் என்றார் இன்னொருவர். ஏழு முடித்த பெண்கள் பண்டகசாலைக்குள் போவது அப்போது சாதாரணம். முப்பது முறங்களின் வரிசையில் அவளை நான் வெகுநாள் மனதுக்குள் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளியில் அனுமதி கேட்டு, பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தேன். அவளுடைய வரி இருக்கிறது. மேலே படிக்கப் போகாதவர்கள் அந்தக் காலத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்க மெனக்கெட மாட்டார்கள். பதிவேட்டில் சான்றிதழுக்கான பத்தி பல வரிகளில் வெறுமையாகவே கிடக்கிறது. அவள் வரியில் வெறுமை இல்லை. சான்றிதழ் கொடுக்கப்பட்டிருக்கிறது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருவிரல் ரேகை, பக்கத்தில் குமாஸ்தாவின் எழுத்தில் "அம்மா". நாள் 1964 ஜூன் 8, திங்கள். வேலை நாள்.

எந்தப் பள்ளிக்கு என்ற இடத்தில் ஈரம் பட்டு மசி பரவியிருக்கிறது. "எட்டு" என்ற சொல் மட்டும் தெரிகிறது. அவள் எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள் என்பதே என் முடிவு. எந்த ஊரில், எந்தப் பள்ளியில் என்பதற்கு இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. இடக்கொச்சிப் பக்கம் இரண்டு பள்ளிகளில் கேட்டாகிவிட்டது, திருநெல்வேலிப் பக்கம் இன்னும் கேட்கவில்லை. ஆகவே இந்த ஒரு தகவலை, சரிபார்க்கப்படாதது என்ற குறிப்போடு இங்கே பதிகிறேன்.